ஓட்டம் பெருகிற்று, இடம் பெருகவில்லை

கல்லூரித் துடுப்பாட்ட அணியின் பெயர்ப் பட்டியல் அறிவித்தற் பலகையில் ஒட்டப்படும் மாலையைப் பழைய மாணவர் எவரும் மறந்திரார். பதினொரு பெயர்கள், அவற்றின் கீழே சிறிது இடம்விட்டுப் பன்னிரண்டாவதாக ஒன்று. தம் பெயரைக் கண்டவர் உரக்கப் பேசிக்கொண்டு போய்விடுவர். காணாதவரோ பலகையிலுள்ள மற்றை அறிவித்தல்களை வாசிப்பவர்போல அங்கேயே சற்று நிற்பர். அணி வலிகுன்றிய ஆண்டுகளில் இக்காட்சிக்கு இடமில்லை. ஆளைத் தேடிப் பிடிப்பதே பொறுப்பாசிரியரின் பாடாயிருக்கும். நன்றாகத் துடுப்பெடுத்து ஆடவல்லார் பதினைவர் ஒருங்கு வாய்த்த ஆண்டிலேதான் பலகையின் முன் அந்த மௌனம் உண்டாகும்.

அம்மௌனத்துக்குக் காரணமான தெரிவைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். ஆயினும் சான்றுகளை நம் மைதானத்திலிருந்து எடுக்கப் போவதில்லை. நம்மிடையே தெரிவு என்பது இரண்டொருவரின் மனத்துள்ளே நிகழ்ந்து முடிந்துவிடுவது. அதன் வழிகளை வெளியிலிருப்போர் அறிதல் அரிது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆடப்படும் அடிபந்தாட்டத்திலோ, அதாவது பேஸ்போல் விளையாட்டிலோ, ஒருவரை அணியில் வைத்தற்கும் கீழே அனுப்புதற்கும் கைவிடுதற்கும் எழுதப்பட்ட விதிகள் உண்டு. ஆகையால் தெரிவின் சிக்கலைக் கண்ணாற் கண்டு கற்க விரும்புவார்க்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அருமை. அவ்விளையாட்டின் மேஜர் லீக் என்னும் உயர்பிரிவிலுள்ள 30 கழகங்களுள் ஒன்றின் அண்மைக்கால வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

மேரிலாந்து மாநிலத்துப் பால்ரிமோர் நகரின் கழகம் அது. 1954ஆம் ஆண்டில் சென் லூயிஸ் நகரிலிருந்து பெயர்ந்து வந்தது. 1966, 1970, 1983 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியை வென்றது. ‘ஒரியோல்ஸ்’ என்பது அதன் பெயர். நம் மாந்தோப்புக்களிற் கூவும் மாங்குயிலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் அதுவே. அமெரிக்காவிலுள்ள பறவை வேறு குடும்பத்தைச் சேர்ந்ததெனினும், மஞ்சளும் கருமையும் கலந்த நிறவொற்றுமையால் அப்பெயர் பெற்றது. இக்கட்டுரையில் அவ்வணியை மாங்குயில் அணி என்றே அழைப்போம்.

துடுப்பாட்டம் அறிந்தவர்க்கு அடிபந்தாட்டத்தை விளக்குதல் கடினமன்று. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். இங்கும் ஒருவர் பந்தை வீசுவார், ஒருவர் அடிப்பார். அறுபதடிக்குச் சற்று அதிகமான தூரத்திலிருந்து வரும் பந்து அரைச் செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் அடிப்பவரைக் கடந்துவிடும். 17 அங்குல அகலமுள்ள ஒரு தட்டின்மேல், முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் வருவது நல்ல பந்து. நல்ல பந்தை அடிக்காது விட்டாலோ, எந்தப் பந்தையேனும் அடிக்க முயன்று தவறினாலோ அது ஒரு பிழை. மூன்று பிழை சேர்ந்தால் அவர் ஆட்டமிழப்பார். எல்லைக்கு வெளியே செல்லும் பந்துகள் நான்கைத் தொடாது விட்டுவிட்டாலோ, துடுப்பைக் கீழே வைத்துவிட்டு முதலாந் தளத்துக்கு நடந்தே போகலாம். சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். பந்தை மதிலுக்கு அப்பால் அடித்துவிட்டால் அடித்தவரும் தளங்களில் நிற்பவரும் தடையின்றிச் சுற்றி வருவர். ஹோம் றன் என்பது இதுவே.

இனிக் கவனிக்க வேண்டிய இடம். நமது துடுப்பாட்டத்தில் ஆட்டமிழந்தவர் அந்த இன்னிங்ஸ் முழுவதற்கும் ஓய்ந்தவராவர். அடிபந்தாட்டத்தில் அவருக்கு மீண்டும் முறை வரும். ஓர் ஆட்டத்தில் பெரும்பாலும் நான்கு தடவையளவில் வரும். ஆதலால் ஆட்டமிழத்தல் அங்கே தனியொருவரின் இழப்பன்று, அணியின் பொதுச் சொத்திலிருந்து போகும் செலவு. ஓர் இன்னிங்ஸுக்கு மூன்றாக ஒன்பது இன்னிங்ஸுக்கு 27 இழப்புக்களே அணியின் கையிருப்பு. அவற்றைச் செலவிடாது தளத்தை அடைபவர், அடித்துச் சென்றாராயினும் நடந்து சென்றாராயினும், அணிக்கு நன்மை செய்தவரே. மூன்று தடவை அடித்துத் தளம் சேர்ந்து ஏழு தடவை தவறுபவர் அவ்விளையாட்டில் மிகச் சிறந்தவராக மதிக்கப்படுவார். 2023ஆம் ஆண்டில் மேஜர் லீக் முழுவதன் சராசரி ஆயிரத்துக்கு 248 அடிகளே. பத்தில் ஏழுமுறை தோற்பவரைப் புகழும் ஆட்டத்தில், ஒருவரின் தகுதியைச் சில நாட்களிற் கண்டுவிட முடியாது என்பதை வாசகர் இவ்விடத்தில் நினைவிற் கொள்வாராக.

மாங்குயில் அணி 2018இல் 162 ஆட்டங்களில் 115இலும், 2021இல் 110இலும் தோற்றது. 2021இல் அது பெற்ற மொத்த ஓட்டங்கள் 659. அடுத்த ஆண்டு 674. அதற்கடுத்த 2023இல் 807 ஓட்டங்கள் குவித்து 101 ஆட்டங்களை வென்றது. இரண்டே ஆண்டுகளில் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய நான்கு ஓட்டங்களிலிருந்து ஐந்துக்கு உயர்ந்தமை சிறிதாகத் தோன்றலாம்; நெடும் பருவத்திலே அந்த ஓர் ஓட்டந்தான் கடைநிலை அணியை முதனிலை அணியாக்கிற்று.

இவ்வுயர்ச்சியின் காரணத்தை ஆராயின், தோல்வியே அதற்கு வித்தென்பது தெரியவரும். ஆண்டுதோறும் புதிய இளைஞரைக் கழகங்களுக்குப் பங்கிடும்போது, தோற்ற கழகங்களுக்கே முதலிடம் தருவது அவ்விளையாட்டின் மரபு. 2018 இறுதியிற் பொறுப்பேற்ற மைக் இலயஸ் என்னும் மேலாளர் அவ்வுரிமையைக் கொண்டு 2019இல் அட்லி றட்ச்மன் என்பவரை முதலாவதாகத் தெரிந்தார். அதே ஆண்டு இரண்டாஞ் சுற்றிற் கிடைத்தவர் கன்னர் ஹென்டேர்சன். றட்ச்மன் பந்து வீச்சாளரை எதிர்நோக்கித் தட்டின் பின்னே அமர்ந்திருக்கும் காப்பாளர்; நமது விக்கெற் காப்பாளருக்கு ஒப்பானவர். 2022 மே மாதத்தில் அவர் அணிக்குள் வந்தபின் அணியின் நடையே மாறிற்று. 2023இல் அவர் 92 தடவை நடந்தே தளஞ் சேர்ந்தார். அடிக்கத் தகாத பந்தை விடுதலும் ஓர் ஆற்றலென்பதை இளையோர் அவரிடங் கண்டனர். ஹென்டேர்சன் அவ்வாண்டு 28 ஹோம் றன்கள் அடித்து, ஆண்டின் சிறந்த புதுமுக வீரருக்குரிய விருதைத் தம் பிரிவில் ஏகமனதாகப் பெற்றார்.

இதிலொரு வேடிக்கையும் உண்டு. 2022 பருவத்துக்கு முன்னர்த் தம் மைதானத்தின் இடப்பக்க மதிலைப் பின்னே தள்ளி, ஏழடியளவில் இருந்ததைப் பதின்மூன்றடியாக உயர்த்தியிருந்தனர். எதிரணியின் ஹோம் றன்கள் குறைய வேண்டுமென்பது நோக்கம். தம் வீரர் அடித்த பந்துகளும் அம்மதிலில் மோதி விழத்தானே செய்யும்? அப்படியிருந்தும் ஓட்டம் பெருகிற்று. 2025இல் மதிலை மீண்டும் முன்னே கொண்டுவந்து தணித்தார்கள். 2023இல் 183 ஆக இருந்த ஹோம் றன்கள் 2024இல் 235 ஆகின. மொத்த ஓட்டங்களோ 807இலிருந்து 786 ஆகக் குறைந்தன. மதிலுக்கப்பால் அனுப்பும் பந்துகளைக் கொண்டு மட்டும் ஓர் அணியின் துடுப்பு வலிமையை அளப்பவர் இவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று.

ஓட்டம் பெருகியவுடன் இடநெருக்கடி தொடங்கிற்று. ஒரு கழகம் நாள்தோறும் ஆடற்கு வைத்திருக்கத்தக்க வீரர் 26 பேர். பருவத்தின் கடைசி மாதத்தில் மட்டும் 28 பேர். 26 பேருள் பந்து வீச்சாளர் 13 பேருக்கு மேற்படலாகாது. எல்லாக் கழகங்களும் அத்தனை பேரையே வைத்துக்கொள்வதால் துடுப்பாட்டக்காரருக்கு எஞ்சுவன 13 இடங்கள். அவற்றில் ஒன்பது நாள்தோறும் ஆடுவோர்க்கு. அவ்வொன்பதின்மருள் ஒருவர் களத்திற் காப்புச் செய்யாது துடுப்பு மாத்திரம் பிடிப்பவர். இது நமக்குப் புதுமையாகத் தோன்றும். இன்னொரு காப்பாளர் இன்றியமையாதவர். ஆக, மீதி மூன்றே மூன்று இடங்கள். 2024இன் தொடக்கத்தில் மாங்குயில் அணியில் அம்மூன்று இடங்களுக்கு உரிமை கோரத்தக்க இளைஞர் அதனின் இருமடங்கினராவது இருந்தனர். கீழ்நிலை அணியாகிய நோர்போக்கில், மேலே எந்தக் கழகத்திலும் இடம்பெறத்தக்கோர் காத்திருந்தார்கள்.

திருக்குறளிலே ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மாணவர் பலர் இரண்டும் ஒன்றே எனக் கொண்டு தேர்விலே தடுமாறுவர். ஆளை ஆராய்ந்து நம்புதல் ஒன்று. நம்பியவனை ஏற்ற வினையில் ஏற்ற காலத்தில் அமர்த்துதல் வேறொன்று. மாங்குயில் அணி முன்னதில் வல்லதென்பதில் ஐயமில்லை. பின்னதிலேதான் அதற்குச் சோதனை வந்தது.

2022இல் மீண்டும் முதலாந் தெரிவுரிமை பெற்று அவர்கள் எடுத்துக்கொண்டவர் ஜாக்சன் ஹொலிடே. அவருடைய தந்தையாரும் மேஜர் லீக்கிற் புகழ்பெற்ற ஆட்டக்காரரே. கீழ்நிலை அணிகளையெல்லாம் விரைந்து கடந்து, 2024 ஏப்ரல் 10இல், தமது இருபதாவது வயதில் பொஸ்ரன் நகரில் முதலாட்டம் ஆடினார். பத்து ஆட்டங்கள். 34 முயற்சிகளில் இரண்டே அடிகள். 18 தடவை மூன்று பிழையால் ஆட்டமிழப்பு. அம்மாத முடிவுக்கு முன்னரே நோர்போக்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பத்திரிகைகள் பல மாதங்களாகக் கொண்டாடிய ஓர் இளைஞருக்கு அது எத்தகைய பிரயாணமாயிருந்திருக்கும்! ஆயினும் விதி அவருக்குத் துணைநின்றது. நாற்பதின்மர் பட்டியலில் உள்ள ஒருவரை மூன்று வெவ்வேறு ஆண்டுகளிற் கீழணிக்கு அனுப்பிப் பயிற்றிக் கழகம் திரும்ப அழைக்கலாம். ஓராண்டில் ஐந்து தடவைக்கு மேல் அனுப்ப முடியாது. ஹொலிடேயைப் பொறுத்தவரை அம்மூன்றில் ஒன்றே செலவாயிற்று. ஜூலை 31இல் மீண்டு வந்தவர், தளங்கள் மூன்றும் நிறைந்திருக்கையில் தமது முதலாவது ஹோம் றன்னை அடித்தார். ஓரடியில் நான்கு ஓட்டங்கள். அதன்பின்னும் அவருடைய துடுப்பு ஏறியும் இறங்கியுமே ஆடிற்றெனினும், 2025இல் ஏறத்தாழப் பருவம் முழுவதும் அவர் அணியில் நிலைத்தார்.

இந்த மூன்றாண்டு உரிமையை வீரருக்கு நன்மையென்று மட்டும் எண்ணற்க. உரிமை எஞ்சியிருக்கும் இளைஞர், தம்மிலும் திறமை குறைந்த மூத்தவருக்காகக் கீழே போக நேரும். ஏனெனில் உரிமை தீர்ந்த மூத்தவரைக் கீழே அனுப்ப வேண்டின் முதலில் மற்றை 29 கழகங்களின்முன் அவர் பெயரை வைத்தல் வேண்டும். விரும்பும் கழகம் அவரை எடுத்துக்கொள்ளும். இழக்க விரும்பாத கழகம் மூத்தவரை வைத்துக்கொண்டு இளையவரையே அனுப்பும். கைல் ஸ்ரோவேர்ஸ் என்பாருக்கு நேர்ந்தது இத்தகையதே. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பால்ரிமோருக்கும் நோர்போக்குக்கும் இடையே அலைந்தார். நாலு நாள் ஆடுவார். இரு நாள் வாங்கில் இருப்பார். பின்பு பெட்டியைக் கட்டுவார். பத்தில் ஏழுமுறை தோற்கும் ஆட்டத்தில் நாலு நாளில் எதைக் காட்டுவது?

2024 ஜூலை 30இல், ஸ்ரோவேர்ஸையும் கொனர் நோர்பி என்னும் இன்னோர் இளைஞரையும் மயாமிக் கழகத்துக்குக் கொடுத்து, ட்ரெவர் றொஜேர்ஸ் என்னும் இடக்கைப் பந்து வீச்சாளரைப் பெற்றனர். கொடுத்த காரணம் தெளிவு. துடுப்பு மிகுதி, பந்து வீச்சு குறைவு. மிகுந்ததைக் கொடுத்துக் குறைந்ததை வாங்குதல் இல்லறத்தார்க்கும் இயல்பு. ஆனால் வந்தவர் நான்கே ஆட்டங்களிற் கடுமையாக அடிபட்டு, அவரே நோர்போக்குக்கு அனுப்பப்பட்டார். மயாமி சென்ற ஸ்ரோவேர்ஸும் அவ்வாண்டு சோபிக்கவில்லை. இரு பக்கத்தாரும் ஏமாந்தனர் என்றே கண்டோர் கூறினர். 2025 வந்தது. நாள்தோறும் ஆட இடம்பெற்ற ஸ்ரோவேர்ஸ் 25 ஹோம் றன்கள் அடித்து, சிறந்தோர் மட்டும் ஆடும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தெரிவானார். றொஜேர்ஸோ 18 ஆட்டங்களைத் தொடங்கி வீசி, ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ஓட்டங்கூடக் கொடாத கணக்கோடு பருவத்தை முடித்தார். அவரது சராசரி 1.81. அந்தக் கொடுக்கல் வாங்கலிற் பிழைத்தவர் யாவர், வென்றவர் யாவர் என்று தீர்ப்புச் சொன்னவர்களெல்லாம் ஓராண்டுக்குள்ளே இருமுறை தீர்ப்பை மாற்ற வேண்டியதாயிற்று.

என் மனத்திலே பெரிதும் நின்றவர் இவர்களல்லர். றயன் ஓஹேர்ன் என்பவர். இவர் எந்தப் பங்கீட்டிலும் முதலாவதாக வந்தவரல்லர். கன்சஸ் சிற்றிக் கழகத்தில் ஐந்து பருவங்கள் ஆடி, 2022 முடிவில் அவர்களாற் பட்டியலினின்றும் நீக்கப்பட்டவர். 2023 ஜனவரி 3இல் மாங்குயில் கழகம் ஆளுக்கு ஆள் கொடாமல், பணங் கொடுத்து அவரை வாங்கிற்று. இரண்டே நாளில் வேறொருவருக்கு இடம் வேண்டி அவர்களும் அவரைப் பட்டியலிலிருந்து நீக்கினர். அவர் பெயர் ஏனைக் கழகங்கள் அனைத்தின் முன்னும் வைக்கப்பட்டது. எவரும் எடுக்கவில்லை. ஆதலால் நோர்போக்குக்குப் போனார். ஏப்ரலில் ஓரிடம் வெறுமையானபோது அழைக்கப்பட்டவர், அப்பருவம் முழுவதிலும் ஆயிரத்துக்கு 289 என்ற கணக்கில் அடித்தார். 14 ஹோம் றன்கள். 807 ஓட்டங்கள் குவித்த அணியின் துடுப்பு வரிசையில் அவர் ஒரு தூணானார். 29 கழகங்களும் வேண்டாவென விட்ட ஒருவர் 2025 நட்சத்திர ஆட்டத்தில் தம் பிரிவின் தொடக்க வரிசையிலேயே இடம்பெற்றார்.

இங்ஙனம் கைவிடப்பட்டோரைக் காக்கவும் ஒரு விதி உண்டு. ஒவ்வோராண்டும் நவம்பரிற் கழகங்கள் நாற்பது பெயர் கொண்ட பட்டியலை ஒப்புவித்தல் வேண்டும். கீழ்நிலையில் நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள் இருந்தும் அந்நாற்பதினுள் இடம்பெறாதவரைப் பிறகழகம் ஒரு இலட்சம் டொலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் அவரை அடுத்த பருவம் முழுவதும் மேல் அணியிலேயே வைத்திருத்தல் வேண்டும். இயலாதெனின் மற்றைக் கழகங்களும் வேண்டாவென்றபின், பாதி விலைக்குப் பழைய கழகத்துக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும். திறமையுள்ளாரை ஒரே கழகம் பத்தாயத்தில் நெல்லைப் பூட்டி வைப்பதுபோற் பூட்டி வைக்கலாகாது என்பதே இதன் கருத்து. தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் மாங்குயில் அணி இவ்விதியாற் பயனடைந்ததுண்டு. 2016இல் கிளீவ்லன்ட் கழகம் காவாது விட்ட அந்தனி சன்ரன்டேர் என்பவரை இவ்வாறுதான் பெற்றனர். 2024இல் அவர் 44 ஹோம் றன்கள் அடித்தார். அணி வலிபெற்றபின் அதே விதி அவர்களுக்கு எதிராக நின்றது. நாற்பது பெயருக்கு மேல் நல்லவர் இருப்பாரெனின், விட்டவர் பிறர்க்கு ஆவர்.

எனது அபிப்பிராயத்தை மறையாது கூறின், அக்கழகம் தன் இளைஞரை நெடுங்காலம் கையிற் பொத்திவைத்தது. கொடுத்தபோதும் சற்றுப் பிந்தியே கொடுத்தது. 2024 பெப்ரவரியில் ஜோயி ஓர்டிஸ் என்னும் இளைஞரையும் இன்னொரு வீரரையும் ஒரு தெரிவுரிமையையும் மில்வோக்கிக்குக் கொடுத்து, கோர்பின் பேர்ன்ஸ் என்னும் முதற்றரப் பந்து வீச்சாளரைப் பெற்றமை நல்ல துணிவு. ஆனால் அவர் ஓராண்டே இருந்து அரிசோனாவுக்குப் போய்விட்டார். அவ்வோராண்டின் முடிவில் நிகழ்ந்ததையும் கூறவேண்டும். 2023இல் இறுதிச் சுற்றுக்களில் ரெக்சஸ் அணியிடம் மூன்று ஆட்டமும் தொடர்ந்து தோற்ற மாங்குயில் அணி, 2024இல் கன்சஸ் சிற்றியை எதிர்த்தது. முதலாட்டத்தில் பேர்ன்ஸ் எட்டு இன்னிங்ஸுக்கு மேல் வீசி ஒரே ஓட்டங் கொடுத்தார். துடுப்பாட்டக்காரர் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. அடுத்த நாள் 2க்கு 1 எனத் தோல்வி. பருவம் முழுதும் 786 ஓட்டங்கள் குவித்தவர், வேண்டிய இரண்டு நாளில் எடுத்தது ஒன்று. பந்து வீச்சாளர் இன்மையாற் கெட்டோம் என்று கூறியிருந்தோர் அவ்விரவில் வேறு காரணம் தேடவேண்டியதாயிற்று.

2025இல் நிலைமை இன்னும் தாழ்ந்தது. சன்ரன்டேர் ரொறன்ரோவுக்குப் போய்விட்டிருந்தார். மே மாதத்தில் பயிற்றுநர் பிரண்டன் ஹைட் நீக்கப்பட்டார். 75 வெற்றியும் 87 தோல்வியுமாக அணி தன் பிரிவின் கடைசி இடத்தில் முடிந்தது. ஜூலை இறுதியில், கழகங்கள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாளன்று, ஓஹேர்னும் இன்னொருவரும் சன் டியேகோ கழகத்துக்குக் கொடுக்கப்பட்டனர். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் எவரும் வேண்டாதிருந்தவர் தம் தோழரோடு புறப்பட்டபோது, அவ்விருவருக்கும் ஈடாக வந்தோர் இளைஞர் அறுவர். அவர்கள் கீழ்நிலை அணிகளுக்கு அனுப்பப்பட்டு, அங்கே முன்னரே நின்ற வரிசையின் பின்னே தத்தம் இடத்திற் போய் நின்றனர்.